அறுபது பேர் வேலை பார்க்கிற இடத்துல 'எல்லாரும் ஒண்ணு'ன்னு யார் சொல்லணும்?

கப்பலூர்க்காரன் | 3 மே 2025, சனி

மதுரைக்குப் பக்கத்துல கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில சின்ன யூனிட். 64 பேர். அப்பாவுக்கு அப்புறம் ரெண்டு வருஷமா நான் பார்க்கிறேன். நம்மகிட்ட சரக்கு எடுக்கிற பெரிய கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருக்கு. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பல சமூகத்து ஆட்களை எப்படி நடத்துறீங்க, அதுல தலைமையோட ஈடுபாடு என்னன்னு நாலு பக்கம் கேள்வி. இதெல்லாம் சென்னை, பெங்களூர் ஐ.டி. கம்பெனிக்குச் சரி. நம்ம இடத்துல யாரும் யார் சாதியையும் கேக்கிறதில்ல, எல்லாரும் ஒண்ணுமண்ணாத்தான் இருக்கோம். ஒரு தாள்ல கொள்கைன்னு டைப் பண்ணி நோட்டீஸ் போர்டுல ஒட்டினாப் போதும்ங்கிறது என் கருத்து. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ரப்பர்கம்பெனி | 3 மே, இரவு

ரப்பர் மோல்டிங் கம்பெனி ஒண்ணுல 27 வருஷம் பர்சனல், அதாவது ஆள் எடுக்கிறது, லீவு இதெல்லாம் பார்த்தவன். மதுரைப் பக்கம்தான். பேர் வேண்டாம்.

தம்பி, 'யாரும் சாதி கேக்கிறதில்ல'ங்கிறதை நானும் இருபது வருஷம் சொல்லியிருக்கேன். கேக்க மாட்டாய்ங்கதான். 'எந்த ஊரு?'ன்னு கேப்பாய்ங்க. ஊரைச் சொன்னா, 'ஊர்ல எந்தப் பக்கம்?' அதுக்கும் பதில் வந்துட்டா அப்புறம் கேக்க என்ன இருக்கு?

ஒரு வேலை செய்யுங்க. மஸ்டர் ரோலை, அதான் ஆளுங்க பேர்ப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ரெண்டு விஷயம் எழுதுங்க. எந்த ஊர், யார் சொல்லி உள்ள வந்தார். நான் 2006-ல எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல மூணே ஊர். அந்த மூணு ஊரும் எங்க ஃபோர்மேன், ஸ்டோர் கீப்பர், டிரைவர் மூணு பேரோட ஊர். 'நம்ம பையன் ஒருத்தன் சும்மா இருக்கான் சார்'னு வந்து நிப்பாங்க, நான் எடுத்துக்குவேன். நல்ல பையனாவும் இருப்பான். கேட்டுக்கு வெளிய நின்ன நல்ல பையன்களைப் பத்தி எனக்குத் தெரியாது, ஏன்னா அவங்களுக்காக உள்ள வந்து சொல்ல ஆள் இல்ல.

படிவத்தை நிரப்புறது அரை மணி நேர வேலை. அதை அப்புறம் பார்க்கலாம்.

4 மே, காலை

நேத்து எழுதினதைப் பார்த்துட்டு ஒருத்தர், 'தெரிஞ்ச ஆளை எடுத்தாத்தான் நம்பிக்கை, திருட்டுப் புரட்டு இருக்காது'ங்கிறார். சரி, நம்பிக்கை வேணும். ஆனா எங்க கம்பெனியில ஒரு தடவை பித்தளை இன்சர்ட் மூட்டை காணாமப் போச்சு. எடுத்தவரும் காட்டிக் குடுக்காதவங்களும் ஒரே ஊர். அதுக்காக அந்த ஊரே மோசம்னு சொல்லல. ஒரே ஊரா இருந்தா ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் சொல்ல முடியாமப் போகுது, அது சொல்றவங்களுக்கும் கஷ்டம்.

4 மே, மாலை

எங்க பெரியவரைப் பத்திச் சொல்லணும். முதலாளின்னா அவர் முதலாளி. நான் சேர்ந்த புதுசுல கேன்டீன்ல ரெண்டு வரிசை தானா உருவாகியிருந்துச்சு. யாரும் போட்ட வரிசை இல்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும். தண்ணி டம்ளரும் அப்படித்தான், சிலர் வீட்டுலருந்தே கொண்டுவருவாங்க. ஒரு நாள் பெரியவர் வீட்டுச் சாப்பாட்டுக் கேரியரைக் கேன்டீனுக்குக் கொண்டுவரச் சொல்லி, யாரும் போய் உட்காராத அந்த மூலை பெஞ்சுல உட்கார்ந்தார். ஒண்ணும் பேசல. மறுநாளும் அதே இடம். மூணு மாசம் விடாம வந்தார். வரிசை கலைஞ்சு போச்சு. சர்க்குலர் போட்டிருந்தா அது நடந்திருக்காது.

தலைமையோட ஈடுபாடுன்னு உங்க படிவம் கேக்குதே, அதுக்கு நான் பார்த்த பதில் இதுதான்.

6 மே

சட்டம் என்ன சொல்லுதுன்னு மூணு பேர் கேட்டிருக்காங்க. 64 பேர் கணக்குக்குச் சொல்றேன்.

10 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு கட்டாயம். தலைவரா மூத்த பெண் ஊழியர் இருக்கணும், உறுப்பினர்ல பாதிக்குக் குறையாம பெண்கள், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். புகார் குடுக்க மூணு மாசம், விசாரணை முடிக்க 90 நாள். குழு அமைக்கலேன்னா 50,000 ரூபாய் வரை அபராதம். முதலாளி மேலயே புகார்னா உள்ள இருக்கிற குழுவுக்குப் போகாது, மாவட்ட அளவுல இருக்கிற உள்ளூர்க் குழுவுக்குப் போகும். இதைப் பெண்களுக்கு யாரும் சொல்றதில்ல. நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்னு ஆசைப்பட்டா இந்த ஒரு வரியைப் பெருசா ஒட்டுங்க தம்பி. உங்க மேலயே புகார் குடுக்கிற வழியை நீங்களே எழுதி ஒட்டினா, மத்ததைத் தானா நம்புவாங்க.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாட்டைச் சொல்லுது, 1995 சட்டத்துல 7 தான் இருந்துச்சு. சம வாய்ப்புக் கொள்கை தனியார் நிறுவனத்துக்கும் உண்டு. 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா தொடர்பு அலுவலர் ஒருத்தரை நியமிக்கணும். மகப்பேறு விடுப்பு 2017 திருத்தத்துல 26 வாரம் ஆச்சு. 50 பேர் இருந்தா குழந்தைகள் காப்பகம், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம். உங்ககிட்ட 64 பேர். காப்பகம் இருக்கா?

6 மே, இரவு

சட்டத்தைப் பத்தி எழுதிட்டுப் படுத்தா தூக்கம் வரல. என் மனைவி 14 வருஷம் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ். காலைல ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி ஒம்பதரை. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் உட்காரலாம். தீபாவளிச் சமயத்துல அதுவும் பத்து நிமிஷம். கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு, இன்னைக்கும் படி ஏறும்போது கம்பியைப் பிடிச்சுத்தான் ஏறுவாங்க. தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை குடுக்கணும்னு சட்டத் திருத்தம் வந்தது 2021-ல. கேரளாவுல 2018-லயே வந்துடுச்சு. அதுக்குள்ள இவங்க வேலையை விட்டாச்சு.

போன மாசம் பேத்திக்குப் பாவாடை எடுக்க ஒரு கடைக்குப் போனோம். ஸ்டூல் போட்டிருக்காங்க, சட்டப்படி எல்லாம் சரி. ஸ்டூல் மேல துணி பண்டல். அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. 'உட்காரலாம்ல பாப்பா'ன்னு என் மனைவி கேட்டாங்க. அது ஃப்ளோர் சூப்பர்வைசர் பக்கம் ஒரு பார்வை பார்த்துச்சு, அவ்வளவுதான்.

கடை முதலாளி ஒரு நாள் அந்த வழியா வந்து, பண்டலை அவர் கையால கீழ இறக்கி வச்சு, 'உட்காரும்மா'ன்னு சொன்னாப் போதும். சூப்பர்வைசர் அப்புறம் வாயே திறக்க மாட்டார்.

13 மே

நேத்து அழகர் ஆத்துல இறங்கினதுக்குப் போயிட்டு இன்னும் அலுப்புத் தீரல. ஆனா ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

1958 சட்டப்படி தொழிற்சாலைக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக 5 பண்டிகை விடுமுறை. எந்த 5-ன்னு வருஷா வருஷம் பட்டியல் ஒட்டுவோம். நான் பத்து வருஷம் அதே பட்டியலைத் தேதி மட்டும் மாத்தி ஒட்டியிருக்கேன். பொங்கலுக்கு ரெண்டு நாள், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி. கிறிஸ்துமஸும் இல்ல, ரம்ஜானும் இல்ல. எங்ககிட்ட ரப்பர் கலவை போடுற கம்பவுண்ட் மிக்ஸிங்ல ஒரு பாய் இருந்தார், ஒவ்வொரு ரம்ஜானுக்கும் சம்பளமில்லா லீவு எழுதிக் குடுப்பார். நான் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். ஒரு தடவைகூட அவர் கேட்டதில்ல, எனக்கும் தோணல. அவர் ரிட்டயர் ஆன பிறகுதான் பட்டியலை மாத்தினோம். அழகர் இறங்குற அன்னைக்கு யார் ஷிப்ட் பார்க்கிறாங்களோ அவங்க தங்களுக்கு வேண்டிய ஒரு நாளை எடுத்துக்கலாம்னு எழுத்துல போட்டோம். முதல் வருஷம் அன்னைக்கு ஷிப்ட் ஓட்டினவங்க பாதிப் பேர் சர்ச்சுக்குப் போறவங்க. திருவிழாவுக்குப் போனவங்க திரும்பி வர்றப்ப அவங்களுக்குப் பொரிகடலை வாங்கிட்டு வந்தாங்க.

பாய்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கல. 2019-ல மௌத்தாயிட்டார்.

15 மே

'மதுரைல முன்னுதாரணம் ஏதாவது உண்டா, எல்லாம் அறிவுரையாவே இருக்கு'ன்னு ஒரு கேள்வி.

அண்ணாநகர்ல இருக்கே அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. அவருக்கே முடக்குவாதத்துல விரலெல்லாம் வளைஞ்சு போயிருந்துச்சு. அந்தக் கையாலயே அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கிட்டவர். அவங்க என்ன பண்ணாங்கன்னா, கிராமத்துலருந்து பள்ளிப்படிப்பு முடிச்ச பொண்ணுங்களை எடுத்து, ரெண்டு வருஷம் தாங்களே பயிற்சி குடுத்து, பார்வைப் பரிசோதனை, அறுவைக்கு முன்னாடி பின்னாடி வேலைன்னு அவங்க கையில ஒப்படைச்சாங்க. டாக்டர் அறுவை சிகிச்சையை மட்டும் பார்க்கலாம். அந்தப் பொண்ணுங்க இல்லாம அங்க வேலை ஓடாது.

எனக்கு இதுல பிடிச்சது, அவங்களைப் பாவம்னு எடுக்கல. வேலையையே அவங்க கைக்குப் பொருந்துற மாதிரி பிரிச்சு வச்சாங்க.

15 மே, ஒரு மணி நேரம் கழிச்சு

'அது ஆஸ்பத்திரி, நாங்க லேத்து ஓட்டுறவங்க'ன்னு பதில் வந்திருக்கு. லேத்துலயும் செட்டிங் வேற, ஓட்டுறது வேற, அளந்து பார்க்கிறது வேற. மூணையும் ஒரே ஆள் செய்யணும்னு யார் சொன்னது?

29 மே

திருத்தம். கொஞ்சம் பெரிய திருத்தம்.

எங்ககிட்ட ட்ரிம்மிங்ல, அதாவது ரப்பர் பிசிறு வெட்டுற இடத்துல, 22 வருஷம் இருந்த அம்மா ஒருத்தங்க. அவங்க மகன் நாம இங்க எழுதுறதைப் படிச்சுக் காட்டியிருக்கான். நேத்து போன் பண்ணாங்க.

'சார், பெரியவர் கேன்டீன்ல உட்கார்ந்த கதை எழுதியிருக்கீங்களாமே. நாங்க எங்க சார் சாப்பிட்டோம்?'

எனக்குச் சட்டுன்னு பதில் வரல. யோசிச்சாத் தெரியுது, பொம்பளைங்க யாரும் கேன்டீன்ல சாப்பிட்டதே இல்ல. கம்பவுண்ட் ஸ்டோருக்குப் பின்னாடி தகர ஷெட்டுல கார்பன் மூட்டைக்கு நடுவுல உட்கார்ந்து சாப்பிட்டாங்க. கேன்டீன்ல ஆம்பளைங்க சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பாங்க, இவங்க எப்படிப் போவாங்க? பெரியவர் மூணு மாசம் உட்கார்ந்த அதே கேன்டீன். அவரும் பார்க்கல, தினமும் நாலு தடவை அந்த ஷெட்டைத் தாண்டிப் போன நானும் பார்க்கல.

'அப்ப உங்களுக்கு எதும்மா மாறுச்சு?'ன்னு கேட்டேன். கேட்டிருக்கணும், முப்பது வருஷம் முன்னாடியே.

'என்னைப் பிரஸ்ல விட்டீங்கள்ல, அன்னைக்குத்தான்'ன்னாங்க.

அது நடந்தது இப்படி. பிரஸ்னா ரப்பரை மோல்டுல (அச்சுல) வச்சுச் சூட்டுல அழுத்துற மெஷின். தட்டு 150 டிகிரிக்கு மேல சூடா இருக்கும், மோல்டு கனம். பொம்பளைக்கு ஆகாதுன்னு ஃபோர்மேன் சொல்வார். பிரஸ்ல நின்னாத்தான் இன்சென்டிவ். ட்ரிம்மிங்ல எத்தனை வருஷம் இருந்தாலும் ட்ரிம்மிங்தான், அதே சம்பளம். பெரியவர் ஒரு நாள் ஃபோர்மேனைக் கூப்பிட்டு, 'மூணு பேருக்குப் பிரஸ் கத்துக் குடுங்க. அவங்க தனியா ஓட்டுற அன்னைக்கு உங்க இன்கிரிமென்ட்டுல கையெழுத்துப் போடுறேன்'னார். ஃபோர்மேன் ஒரு வாரம் லீவு போட்டார். பெரியவர் அசையல. அந்த வாரம் ஒரு ஆர்டர் தாமதமாச்சு, வாங்குறவங்ககிட்டத் திட்டும் வாங்கினார். கனமான மோல்டை நகர்த்த ஒரு தள்ளுவண்டி செஞ்சோம். அது வந்தப்புறம் ஆம்பளைங்களுக்கும் இடுப்புவலி குறைஞ்சுச்சு, முன்னாடியே செஞ்சிருக்கலாம்.

அதனால 4-ந் தேதி நான் எழுதினதைப் பாதியா எடுத்துக்கோங்க தம்பி. பெஞ்சுல உட்கார்ந்ததுக்கு அவருக்குப் பைசா செலவில்ல. பிரஸ்ல ஆள் மாத்தினதுக்கு ஒரு ஆர்டர், ஒரு ஃபோர்மேனோட கோபம், வண்டிக்கான காசுன்னு போச்சு. ஆனா அதுலதான் அந்தம்மா மகனைப் பாலிடெக்னிக் படிக்க வச்சாங்க.

30 மே

பெஞ்சு விஷயத்தை முழுசாத் தள்ளிட வேண்டாம். மூலை பெஞ்சுல உட்கார்ந்திருந்த ஆம்பளைங்களுக்கு அது பெருசு. ஒருத்தருக்குத் திறந்த கதவு இன்னொருத்தர் கண்ணுக்கே படாத இடத்துல இருக்கலாம்னு சொல்ல வர்றேன்.

9 ஜூன்

பிரஸ் மேல ஸ்டிக்கர் ஒட்டுறதைப் பத்தி ஒருத்தர் எழுதியிருக்கார். தலைவர் படம், சாதிக் கொடிக் கலர் ரிப்பன், கையில அதே கலர்ல கயிறு. எங்ககிட்டயும் இருந்துச்சு. குருபூஜை சமயத்துல கூடும். சின்னவர் (பெரியவர் மகன்) எல்லாத்தையும் எடுக்கச் சொல்லி முடிவு பண்ணார். நான் ஒண்ணுதான் சொன்னேன். உங்க ஆளுங்க ஒட்டினதை முதல்ல, நீங்களே எடுங்க. எடுத்தார். அன்னைக்கு ராத்திரி அவர் வீட்டுக்குச் சொந்தக்காரங்க நாலு பேர் வந்து சத்தம் போட்டாங்க. மறுநாள் காலைல மத்த மெஷின்ல இருந்ததையெல்லாம் ஒட்டினவங்களே எடுத்துட்டாங்க, யாரும் போய்ச் சொல்லல.

17 ஜூன்

காது கேளாத தம்பி ஒருத்தனை 2011-ல இன்ஸ்பெக்‌ஷன்ல எடுத்தேன். கண்ணு அப்படி ஒரு கண்ணு, முடி அளவு வெடிப்பைக்கூடப் பிடிச்சுடுவான். ஆடிட்டுக்கு யார் வந்தாலும் அவனைக் காட்டுவேன். பெருமையா.

ஒரு நாள் பாய்லர் பக்கம் புகை. சைரன் அடிச்சுச்சு, எல்லாரும் வெளிய ஓடினாங்க. கேட்டுல தலை எண்ணும்போது ஒரு ஆள் குறையுது. அவன் உள்ள உட்கார்ந்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பார்த்துக்கிட்டு இருக்கான். ஒண்ணும் ஆகல. ஆகலேங்கிறது என் புண்ணியம் இல்ல. மறு வாரம் சிவப்புச் சுழல் விளக்கு போட்டோம், சில ஆயிரம் ரூபாய்தான் செலவு. அவன் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு அப்ப. ஆள் எடுத்ததோட என் கடமை முடிஞ்சதுன்னு இருந்துட்டேன். இதை எழுதும்போதும் கை நடுங்குது.

18 ஜூன்

திருநங்கைகளை எடுத்திருக்கீங்களான்னு கேட்டவருக்கு. இல்ல. நலவாரியம் தமிழ்நாட்டுல 2008-லயே வந்தாச்சு, 2019 சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் நியமிக்கணும். எல்லாம் தெரியும். ஒருத்தங்க பிளஸ் டூ சர்டிபிகேட்டோட கேட்டுக்கு வந்தாங்க. வாட்ச்மேன் போன் பண்ணிக் கேட்டான். 'இப்ப ஆள் எடுக்கலேன்னு சொல்லு'ன்னேன். அந்த வாரம் நாலு பேரை எடுத்தேன்.

8 ஜூலை

இன்னைக்குத் தேதியைப் பாருங்க. 1939 ஜூலை 8, மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் ஒருவரையும் கூட்டிட்டு நுழைஞ்ச நாள். கக்கன் அந்தக் குழுவுல இருந்தவர். 86 வருஷம் ஆச்சு.

இது வேலை இடத்துக் கதை இல்லதான். ஆனா எனக்கு எப்பவும் கண்ணுல படுறது கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு. சம்பளத்துக்கு வேலை பார்த்த மனுஷன். அவர் தடுத்திருக்கலாம், ஊர்ல இல்லேன்னு ஒதுங்கியிருக்கலாம். உள்ள வரவேற்றார். அப்புறம் வழக்கு, வம்புன்னு வர்றப்ப ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்துச்சு. அந்தச் சட்டத்தோட பேர்லயே ரெண்டு பாதி இருக்கு, கோயில் நுழைவுக்கு அனுமதி ஒண்ணு, அனுமதிச்சவங்களுக்குப் பாதுகாப்பு இன்னொண்ணு.

அந்த ரெண்டாவது பாதியை நம்ம முதலாளிங்க மறந்துடுறாங்க. நியாயமா நடந்த சூப்பர்வைசர் ஒருத்தரை எங்க கம்பெனியில நாலு பேர் சேர்ந்து ஒதுக்கி வச்சாங்க. வண்டியில காத்தைப் பிடுங்கி விட்டாங்க, பொண்ணு கல்யாணத்துக்கு யாரும் போகல. நான் போனேன், சின்னவர் போகல. வெளியூர்ல வேலைன்னார். அந்தச் சூப்பர்வைசர் ஆறு மாசத்துல நின்னுட்டார். அதுக்கப்புறம் எந்தச் சூப்பர்வைசரும் அப்படி ஒரு முடிவு எடுக்கல.

கப்பலூர்க்காரன் | 11 ஜூலை

மஸ்டர் ரோலை எழுதிப் பார்த்தேன் அண்ணே. 64-ல 41 பேர் நாலு ஊர். பெண்கள் 19, எல்லாரும் பேக்கிங். காப்பகம் இல்ல. பெண்களுக்குக் கழிப்பறை ஒண்ணு இருக்கு, சாவி ஸ்டோர்ல இருக்காம், இத்தனை நாள் எனக்குத் தெரியாது. படிவத்தை இன்னும் அனுப்பல, அவகாசம் கேட்டிருக்கேன். ஃபோர்மேன் அப்பா காலத்து ஆள், எனக்கு மாமா முறை. அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

ரப்பர்கம்பெனி | 12 ஜூலை

சாவியை இன்னைக்கே வாங்கிடுங்க. பூட்டையே கழட்டிடுங்க. இதுக்கு மாமாகிட்டக் கேக்க வேண்டியதில்ல.

மாமாவை ஷாப்ல வச்சுப் பேசாதீங்க. வீட்டுக்குப் போங்க, அத்தையும் இருக்கட்டும். யார் யாருக்குக் கத்துக் குடுக்கணும்னு அவரையே மூணு பேர் சொல்லச் சொல்லுங்க, ஆனா நாலு ஊருக்கு வெளிய ஒருத்தராவது இருக்கணும். இத்தனை வருஷம் கம்பெனியைத் தாங்கினவர், சொல்லிக் குடுக்கிற இடத்துல உட்கார வச்சா முரண்ட மாட்டார்னு நினைக்கிறேன். முரண்டினா முதல் மாசம் உற்பத்தி குறையும். அதை நீங்க தாங்கணும், அவர் தலையில போடக் கூடாது.

15-ந் தேதி செவ்வாய்க்கிழமை திருமங்கலத்துல எனக்கு ஒரு வேலை. மத்தியானம் ஷிப்ட் மாறுற நேரத்துக்குக் கப்பலூர் வர்றேன். ட்ரிம்மிங் அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன், நான் பார்க்காம விட்டதை அவங்க பார்ப்பாங்க. கேட்டுல ரெண்டு பேர் வர்றதாச் சொல்லி வைங்க.